லொறித் தராசில் ஏறிய பாலம்

மாளிகைக்காட்டுப் பட்டறைகளுக்கு ஒரு கேற்றோ, தண்ணீர்த் தாங்கிக்குக் கால்களோ, வள்ளம் இழுக்கிற றெயிலரோ செய்யச் சொல்லி ஓடர் வந்தால், இரும்பு வாங்கப் போகுமுன் ஆகிலாவுக்கு ஒரு போன் கோல் எடுப்பார்கள்.

“தங்கச்சி, இது எவ்வளவு பாரம் வரும்?”

இரும்பைக் கிலோக் கணக்கில்தான் வாங்க வேண்டும். செய்து முடித்ததை ஏற்ற எந்த லொறி, தூக்க எந்தக் கிரேன், கேற்று உருள எந்தச் சில்லு என்பதெல்லாம் அந்தப் பாரத்தைப் பொறுத்தது. ஆகிலா சாய்ந்தமருதில் தன் வீட்டு முன்னறையில் கணினியை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்மாந்துறைத் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்தவள். கணவர் றாஸிக் கூலர் லொறியில் கொழும்புக்கு மீன் கொண்டு போகிறவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீடு அமைதியாகிவிடும். அவளுடைய வேலை அப்போதுதான் தொடங்கும்.

ஊரில் அதைப் படம் கீறுவது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது வெறும் படம் அல்ல. செய்யப்போகும் பொருளை அவள் திரைக்குள் அப்படியே கட்டுவாள். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு தகடும் தன்தன் நீளம், அகலம், தடிப்போடு இருக்கும். குழாய்க்கு உள்ளே வெறுமைகூட இருக்கும். பிறகு எது இரும்பு, எது அலுமினியம் என்று துண்டு துண்டாகக் குறித்துக் கொடுப்பாள். அந்தத் துண்டு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று கணினி பார்த்து, அந்த உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கி நிறையைச் சொல்லும். குறிக்க மறந்த துண்டை அது தண்ணீர் என்று எண்ணிக்கொள்ளும். இரும்பின் பாரத்தில் எட்டில் ஒரு பங்குதான் வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான். ஆகிலா ஒவ்வொரு துண்டையும் தொட்டுப் பார்த்த பிறகுதான் எண்ணைச் சொல்வாள். வெல்டிங்குக்கும் பெயின்றுக்கும் கொஞ்சம் கூட்டியும் சொல்வாள்.

அந்த எண்கள் சரியாக இருந்தன என்பது ஊருக்கே தெரியும். காரணம் அச்சிமுகம்மது ஹாஜியார். அவருடைய அரிசி ஆலை வாசலில் நெல் லொறிகளை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று இருக்கிறது. லொறியை வெறுமையாக ஒரு தரம், பாரத்தோடு ஒரு தரம் அதில் ஏற்றினால் உள்ளே இருப்பது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பட்டறையிலிருந்து சாமான் ஏற்றிய லொறி அந்த வழியால் போனால் ஹாஜியார் கையைக் காட்டி நிறுத்துவார். “ஆகிலா எவ்வளவு சொன்னா?” என்று கேட்டு, தராசில் ஏற்றிப் பார்ப்பார். அவள் சொன்னதற்கும் தராசு சொன்னதற்கும் ஒரு சிமெந்து மூட்டையின் வித்தியாசம்கூட வந்ததில்லை. ஹாஜியார் சிரித்துக்கொண்டு லொறியை அனுப்பிவிடுவார். அந்தக் கதை பின்னேரம் ஆகிலாவின் காதுக்கு வரும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அன்றைக்கு அவள் சமைக்கிற கறி கொஞ்சம் ருசியாக இருக்கும் என்று றாஸிக் பகிடி பண்ணுவார்.

அவளுக்கு அதிகம் வேலை கொடுத்தவர் அவளுடைய காக்கா, கூடப் பிறந்த அண்ணன், றுமைஸ். மாளிகைக்காட்டில் பிரதான வீதியோரத்தில் பட்டறை வைத்திருந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான், வீடு பெண்ணுக்கு. அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கிறது வாப்பாவும் காக்காமாரும். ஆகிலாவின் வாப்பா வேளையோடு கண்ணை மூடி மௌத்தாகிவிட்டதால் அந்தப் பொறுப்பு முழுவதும் றுமைஸின் தலையில் விழுந்தது. கட்டாரில் வெல்டராக வேலை செய்து, தங்கையின் வீட்டுக்குக் கூரை போட்டு முடித்த பிறகுதான் அவர் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். உம்மா றாஹிலா இதைச் சொல்லிக் காட்டாத பெருநாள் இல்லை. றுமைஸ் ஒரு தரமும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த மாரியில் வெள்ளம் வந்து, காரைதீவு வட்டைக்குப் போகிற வாய்க்காலின் மேல் கிடந்த மரப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் சேர்ந்து கிடக்கிற பரப்பு. அதற்குத் தண்ணீர் பார்க்கிற வட்டை விதானையாராக நல்லரெத்தினம் இருந்தார். ஓயாமல் கதைக்கிற, ஓரிடத்தில் நிற்க மாட்டாத மனிதர். விவசாயிகளிடம் சேர்த்து, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரிடமும் கேட்டு, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் போகக்கூடிய இரும்புப் பாலம் ஒன்று போடுவது என்று முடிவெடுத்தார். தெரிந்த பொறியியலாளர் ஒருவர் எந்தக் குழாய், எந்தத் தகடு, எவ்வளவு தடிப்பு என்று எழுதிக் கொடுத்தார். வேலை றுமைஸின் பட்டறைக்கு வந்தது. படம் ஆகிலாவிடம் வந்தது.

அவள் அதைப் பிரியத்தோடு கட்டினாள். நீளப் பக்கம் இரண்டு பெட்டிக் குழாய்கள், ஆறு மில்லிமீற்றர் தடிப்பு. மேலே வழுக்காத புள்ளித் தகடு, நாலரை மில்லிமீற்றர். குறுக்குச் சட்டங்கள், இரண்டு பக்கமும் கைபிடி. எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்றி இருபது கிலோ என்று கணினி சொன்னது. வாய்க்கால் கரையில் பாலத்தைத் தூக்கி வைக்கிற கிரேன் லொறிக்காரர் அந்த எண்ணைக் கேட்டுத்தான் பெரிய லொறியை அனுப்பச் சம்மதித்தார்.

பாலம் ஏற்றிய அன்று காலையில் ஆகிலாவும் பட்டறைக்குப் போயிருந்தாள். தான் கட்டிய பொருளில் இவ்வளவு பெரியது ஒன்றை அவள் நேரில் பார்த்ததில்லை. பச்சைப் பெயின்ற் பூசிய பாலம் லொறியின் முதுகில் நீட்டிக்கொண்டு கிடந்தது. நல்லரெத்தினம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“ஹாஜியார்ட தராசில ஏத்திட்டுப் போவம்,” என்றார். “எங்கட புள்ளட கணக்க எல்லாரும் பாக்கட்டும்.”

றுமைஸ் உடனே சொன்னார்: “அதெல்லாம் என்னத்துக்கு விதானையார்? நேரம் போகுது.”

“ரெண்டு நிமிசம் தம்பி. பாதையிலதானே கிடக்கு.”

ஆகிலாவும் சிரித்தாள். அவளுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அவளும் விதானையாரும் ஓட்டோவில் லொறிக்குப் பின்னால் போனார்கள். றுமைஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார்.

லொறி தராசில் ஏறியது. அச்சிமுகம்மது ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிவப்பு எண்ணைப் பார்த்தார். முன்பே குறித்து வைத்திருந்த லொறியின் வெறும் நிறையைக் கழித்தார். மறுபடியும் கழித்தார்.

“எண்ணூத்தி நாப்பது,” என்றார்.

“பிழையாப் பாத்திருப்பீங்க,” என்றார் நல்லரெத்தினம்.

“தராசு போன மாசம்தான் பாத்துச் சரி செஞ்ச. எண்ணூத்தி நாப்பது.”

ஆலையில் நெல் இறக்கிக்கொண்டிருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். எல்லோருடைய முகமும் ஆகிலாவின் பக்கம் திரும்பியது. அவள் தன் கணக்கை மனதுக்குள் ஓடவிட்டாள். ஒரு துண்டுகூடக் குறிக்காமல் விடவில்லை. தண்ணீராக நின்ற துண்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுடைய எண்தான் குறைந்திருக்கும், கூடியிருக்காது. கணக்கு சரி. அப்படியென்றால் பாலத்தில்தான் இரும்பு குறைவு. அந்த எண்ணம் வந்த கணத்தில் அவள் காக்காவைப் பார்த்தாள். றுமைஸ் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ட கணக்குத்தான் பிழை,” என்றாள் ஆகிலா.

அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு சொன்னதை யோசித்துத்தான் சொன்னாள். “கைபிடியும் குறுக்குச் சட்டமும் ரெண்டு தரம் சேந்து போயிரிக்கும். நான் கவனிக்கல்ல.”

அந்த இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய அந்த வித்தியாசம் வரும் என்று அவளுக்குத் தெரியும். பொய்க்கும் பொருத்தமான பாரம் வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவள் மூளை வேலை செய்தது. பின்னாளில் அவளை அதிகம் கூசச் செய்தது அதுதான்.

“அப்ப கொம்பியூட்டரும் பொய் சொல்லும் போல,” என்றார் ஹாஜியார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்ன லொறியே போதுமாயிருந்ததே என்று கிரேன்காரர் முணுமுணுத்தார்.

நல்லரெத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. ஆகிலாவின் முகம் போன போக்கைப் பார்த்து, “இதுக்கெல்லாம் மனம் நோகாத புள்ள,” என்றார். “பிழ விடாத மனிசரா? நீ உடனே ஒத்துக்கொண்டாய் பார், அது பெரிசு.”

ஆகிலா அங்கிருந்தே வீட்டுக்குத் திரும்பினாள். வாய்க்கால் பக்கம் போகவில்லை. கணினியைத் திறந்து, பாலத்தின் பெட்டிக் குழாயின் தடிப்பை ஆறிலிருந்து நாலாக மாற்றினாள். தகட்டை நாலரையிலிருந்து மூன்றாக்கினாள். நிறை எண்ணூற்றி முப்பத்தொன்று என்று வந்தது. பெயின்றும் வெல்டிங்கும் சேர்ந்தால் தராசு சொன்னது அப்படியே வரும். காக்கா என்ன செய்தார் என்று அவர் வாயால் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்வரை அவள் திரையின் முன்னாலேயே இருந்தாள்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனாள். வேலையாட்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள்.

“காக்கா, நாலும் மூணுமா?”

றுமைஸ் மறுக்கவில்லை. “ஓம்,” என்றார். “ஆறு மில்லிமீற்றர் பெட்டிக் குழாய் கல்முனையில ஒரு கடையிலயும் இல்ல. கொழும்பிலருந்து வரணும், எப்ப வரும் எண்டு தெரியா எண்டாங்க. விதானையார் வேளாண்மை வெட்டுக்கு முந்தி வேணும் எண்டு வந்து வந்து நிக்கிறார். நான் ஓம் எண்டு சொல்லிட்டன். கையில கிடந்ததப் போட்டு வேலையத் தொடங்கினன்.”

“சொல்லியிரிக்கலாமே.”

“சொல்லத்தான் இரிந்தன். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு பெயின்றும் பூசியாச்சு. அதுக்குப் பிறகு எந்த முகத்தோட சொல்ற?”

“தாங்குமா?”

“ஆக்கள் நடக்கத் தாங்கும்.”

“மோட்டசைக்கிள் போகும் எண்டுதானே கேட்டவர்? உப்புக் காத்து வேற. மெல்லிசுக் குழாய் உள்ளால உக்கினா வெளியில தெரியவும் மாட்டா.”

றுமைஸ் அரத்தை எடுத்து ஒரு கம்பியைத் தேய்த்தார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார்.

“நேத்து நீ ஏன் அப்பிடிச் சொன்னாய்? நான் சொல்லச் சொன்னனா?”

“காக்கா…”

“அந்த எடத்தில நீ வாய மூடிட்டு இரிந்திருந்தா நானே சொல்லியிரிப்பன். இப்ப நீ பொய் சொல்லி, நான் அதக் கேட்டுக்கிட்டு நிண்டு, ரெண்டு பேரும் கெட்டாச்சு.”

அவர் உண்மையில் சொல்லியிருப்பாரா என்று ஆகிலாவுக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்கு அந்த இடத்தைத் தான் கொடுக்கவில்லை என்பது சுட்டது. காக்காவைக் காப்பாற்றியதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரோ அவமானப்பட்டிருந்தார். கீழே இன்னும் இரண்டு குழாய் வைத்துப் பற்றவைத்துவிடலாம் என்று கெஞ்சினாள். “என்னத்துக்கு எண்டு கேட்டா என்ன சொல்ற?” என்றார் றுமைஸ்.

பாலம் திறக்கிற நாளில் விதானையார் விடாப்பிடியாகக் கூப்பிட்டார். வாய்க்கால் கரையில் பொங்கல் வைத்திருந்தார்கள். றுமைஸுக்குச் சால்வை போர்த்தினார்கள். அதை அவர் போர்த்திக்கொண்டு நின்ற நிலை, யாரோ ஒருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. வயலுக்குச் சோறு கொண்டுபோகிற பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற செல்லத்தங்கம் என்ற பெண் ஆகிலாவின் கையைப் பிடித்து, “நாங்க இடுப்பளவு தண்ணியில இறங்கிப் போனனாங்க. இனி உடுப்பு நனையாம போவம், உங்கட புண்ணியம்,” என்றாள்.

“கணக்குப் போட்ட புள்ள முதல்ல ஏறட்டும்!” என்று விதானையார் சத்தம் போட்டார்.

ஆகிலா ஏறினாள். நடுப் பாலத்துக்கு வந்தபோது காலுக்குக் கீழே தகடு மெல்ல அமிழ்ந்து நிமிர்வதுபோல் இருந்தது. உண்மையில் அமிழ்ந்ததா, தன் மனம்தான் அமிழ்த்தியதா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கரைக்குப் போய்த் திரும்பிப் பார்க்காமல் நின்றாள். பின்னால் எல்லோரும் கைதட்டினார்கள்.

நெல் அறுவடையான வேளாண்மை வெட்டுத் தொடங்கியது. நெல் மூட்டை கட்டிய மோட்டார் சைக்கிள்கள் பாலத்தால் போய்வருவதாக றாஸிக் சொன்னார். அவரிடமும் அவள் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. “ஏன் ஒரே பாலத்தப் பத்திக் கேக்குறாய்?” என்று அவர் கேட்டபோது, சும்மா என்றாள். பட்டறைக்காரர்களின் கோல்கள் குறைந்தன. ஒருவர் படத்தை அனுப்பிவிட்டு, “தங்கச்சி, இந்தத் தரம் ரெண்டு முறை பாருங்க,” என்றார். அதை அவள் தாங்கிக்கொண்டாள். அது அவள் தானே இழுத்துக்கொண்டது. தாங்க முடியாமல் இருந்தது தொழுகைதான். தொழுது முடித்துக் கையை ஏந்தினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் பாலத்தை விழாமல் வை என்று கேட்டால், என் பொய்யையும் விழாமல் வை என்று கேட்பதுபோல் இருந்தது. கையை வெறுமையாக ஏந்திவிட்டு இறக்கிவிடுவாள்.

ஒரு நாள் மத்தியானம் நல்லரெத்தினம் கோல் எடுத்தார்.

“புள்ள, காக்காட போன் வேல செய்யல்ல. ஒருக்காச் சொல்லுவியா? நடுவில ஒரு தகடு அமந்து போச்சு. மூட்டையோட வந்த பெடியன் ஒருத்தன் சறுக்கி விழுந்துட்டான். பெரிசா ஒண்டுமில்ல, முழங்கால்தான் உரசிட்டு. மழை ஈரம் தானே. வந்து வெல்டிங்கில ஒரு பத்து வெச்சா சரி.”

அவருடைய குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. ஆகிலாவுக்கு அது அடித்ததைவிட மோசமாக இருந்தது. “நான் வாறன் விதானையார்,” என்றாள். “பாலத்தடிக்கு வாங்க. நான் இப்ப வாறன்.” தடிப்பு அளக்கிற கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டோ பிடித்தாள்.

வாய்க்கால் கரையில் விதானையார் மட்டும் நின்றார். ஆகிலா தூரத்திலேயே பேசத் தொடங்கிவிட்டாள். கிட்டப் போனால் பேச முடியாமல் போகும் என்ற பயம்.

“விதானையார், என்ட கணக்குப் பிழையில்ல. அண்டைக்கு நான் சொன்னது பொய். பாலத்தில போட்டிரிக்கிற இரும்பு எழுதித் தந்ததவிட மெல்லிசு.”

அவர் அவளைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, “அண்டைக்குப் பிழ எண்டாய். நான் நம்பினன். இப்ப பிழையில்ல எண்டுறாய்,” என்றார். “எதப் புள்ள நான் நம்புற?”

அவள் பாலத்தின் ஓரத்தில் குந்தினாள். தகட்டின் வெளிவிளிம்பில் பெயின்றைச் சுரண்டிவிட்டுக் கருவியின் வாயை வைத்தாள். அவரைக் கிட்டக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினாள். மூன்று. “இது நாலரை இரிக்கணும். உள்ளுக்குக் கிடக்கிற குழாய் ஆறு இரிக்கணும், அது நாலு.”

நல்லரெத்தினம் கருவியைத் தானே வாங்கி இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கும் மூன்றுதான்.

“தராசில ஏத்தின அண்டைக்கே தெரியுமா?”

“ஓம்.”

“பொங்கல் வெச்சுப் பாலம் திறந்த அண்டைக்கும்?”

“ஓம்.”

அவர் வாய்க்காலைப் பார்த்தார்.

“நான் உன்ன ஊர் முழுக்கச் சொன்னனான்,” என்றார் கடைசியில். “பிழை விட்டாலும் அந்த எடத்திலயே ஒத்துக்கொண்ட புள்ள, அப்பிடி ஒரு நேர்மைய நான் காணல்ல எண்டு. என்ட மகளுக்கும் சொன்னன், அந்தப் புள்ளையப் பாத்துப் படி எண்டு.”

ஆகிலாவின் தலை குனிந்தது. அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழவும் முடியவில்லை. விதானையார் கரையில் வெட்டிக் கிடந்த இலந்தை முள்ளை இழுத்து வந்து பாலத்தின் வாயில் போட்டார். அவள் உதவப் போனாள். “நீ வீட்ட போ புள்ள,” என்றார். அது கோபக் குரல் அல்ல. களைத்துப்போன குரல்.

அங்கிருந்து அவள் நேரே பட்டறைக்குப் போனாள். விதானையார் வருமுன் காக்கா தன் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். “சொல்லிட்டன்,” என்றாள். றுமைஸ் வெல்டிங் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டார். வேலை எதுவும் கையில் இல்லை. முகமூடிக்குள் இருந்தபடியே, “போ,” என்றார்.

பின்னேரம் விதானையாரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். றுமைஸ் ஒன்றையும் மறைக்கவில்லையாம். மாற்றித் தருகிறேன், என் செலவில் தருகிறேன், பொலிசுக்கு மட்டும் போக வேண்டாம் என்று கேட்டாராம். அவர்கள் போகவில்லை. ஆனால் செய்தி போயிற்று. காரைதீவுச் சந்தியிலும் சாய்ந்தமருதுக் கடைகளிலும் அதுதான் கதை. சோற்றுப் பாத்திரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் மறுபடியும் தண்ணீரில் இறங்கிப் போவதை றாஸிக் பார்த்துவிட்டு வந்து சொன்னார். உண்மையை அவரும் ஊரோடு சேர்ந்துதான் அறிந்தார். “எனக்கிட்டயாவது சொல்லியிரிக்கலாம்,” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

உம்மா றாஹிலா சும்மா இருக்கவில்லை. “கூடப் பிறந்தவன்ட மானத்த முள்ளப் போட்டு அடைச்சிட்டு வந்திரிக்காய்,” என்றார்.

“ஆராவது விழுந்து செத்திருந்தா என்ன உம்மா செய்ற?”

“அப்ப தராசடியில வெச்சே சொல்லியிரிக்கணும். இல்லாட்டி கடைசி வரைக்கும் மூடிட்டு இரிந்திரிக்கணும். ஒன்ட வாய் ரெண்டு தரம் திறந்திச்சு; ரெண்டு தரமும் நேரம் பிழை.”

உம்மா சொன்னது நியாயமா இல்லையா என்று ஆகிலா பல நாள் யோசித்தாள். இரண்டாவது தரத்தைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. முதல் தரத்தைப் பற்றி உம்மா சொன்னதில் ஒரு சொல்லையும் அவளால் தள்ள முடியவில்லை.

கொழும்பிலிருந்து குழாய் வந்து சேர நாள் எடுத்தது. சிறுபோக விதைப்புக்கு முன் றுமைஸ் பாலத்தைக் கழற்றி, தகடு முழுவதையும் மாற்றி, கீழே சரியான தடிப்பில் புதிதாக இரண்டு குழாய் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். பற்றவைக்குமுன் வெட்டிய முனைகளை விதானையார் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். அளக்க முனைகளை எடுத்து நீட்டியதும் றுமைஸ்தான் என்று சொன்னார்கள். திருத்திய பாலத்தின் பாரம் எவ்வளவு என்று ஆகிலாவிடம் யாரும் கேட்கவில்லை. கிரேன்காரரை நேரே ஹாஜியார் தராசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

றுமைஸ் தங்கையைப் பார்க்க வருவதை நிறுத்திக்கொண்டார். அவளோடு இருக்கிற உம்மாவைப் பார்க்க வருகிற நாளில், ஆகிலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போயிருக்கிற நேரமாகப் பார்த்து வருவார். ஹஜ்ஜுப் பெருநாளன்று மட்டும் நேரே வந்தார். பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்தார். ஆகிலா வட்டிலப்பம் வைத்தாள். சாப்பிட்டார். “உம்மாட மருந்து முடியுது, பாத்துக்க,” என்றார். அவ்வளவுதான். வாசல்வரை போன ஆகிலா, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்து, எதற்கு என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். பொய் சொன்னதற்கா, உண்மை சொன்னதற்கா? இரண்டில் எதைச் சொன்னாலும் மற்றது குறுக்கே வந்து நின்றது.

ஊரில் இரண்டு விதமாகவும் கதைத்தார்கள். காக்காவைக் காட்டிக் கொடுத்தவள் என்று சிலர், முதலில் மறைத்தவள்தானே என்று சிலர். எந்தப் பக்கத்தோடும் அவள் வாதாடவில்லை. வேலை அடியோடு நின்றுவிடவும் இல்லை. ஒலுவில் பக்கத்து வள்ளக்காரர்கள் இப்போது நங்கூரமும் றெயிலரும் செய்ய அவளிடம் படம் கேட்கிறார்கள். எண்ணைச் சொன்ன கையோடு, “செஞ்ச பிறகு நிறுத்துப் பாத்து எனக்கும் சொல்லுங்க,” என்கிறாள். முன்பு அவள் அப்படிச் சொன்னதே இல்லை. சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

போன மாதம் கல்முனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, நல்லரெத்தினம் எதிரே வந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் ஒரே நேரத்தில் கண்டுவிட்டதால் யாருக்கும் விலகிப் போக வழியில்லை. அவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“சுகமா புள்ள? உம்மா எப்பிடி?”

“இரிக்கா விதானையார். உங்கட வேளாண்மை எப்பிடி?”

“இந்தப் போகம் பரவால்ல. தண்ணி காணும், குறையில்ல.”

மதகுக்குப் புதுக் கதவு செய்கிற வேலையை அவர் அக்கரைப்பற்றில் யாரிடமோ கொடுத்திருக்கிறார் என்று ஆகிலா கேள்விப்பட்டிருந்தாள். அதன் படமும் அங்கேதான் போயிருக்கும். அவர் அதைப் பற்றிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பாலத்தைப் பற்றியும் இருவரும் வாய் திறக்கவில்லை. கத்தரிக்காய் விலையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு அவர் போனார். அவர் அந்தப் பேச்சை எடுக்காமல் போனதில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை உணர்ந்ததும் முகம் சுட்டது. கடைக்காரர் மிச்சக் காசை நீட்டிக்கொண்டு இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.